அப்பத்தா மடித்த சேலையும் ஐந்நூறு மரபுத்தொடர்களும்

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் பள்ளியையும் எடுத்துவிட்டேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஓரிரு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து பதினெட்டு வருடம். கணவருக்குத் துவாஸில் ஷிஃப்ட் வேலை. மாமியாரும் கூடவே இருக்கிறார். ஒரே மகள், உயர்நிலை 3. தமிழில் கெட்டி; வழக்கமான தமிழ்ப் பாடத்தைவிடக் கடினமான உயர்தமிழ் எடுத்திருக்கிறாள். ஆங்கிலம்தான் போன வருடம் பி4 தரம் வாங்கியவள் இப்போது சி6 தரத்துக்கு இறங்கிவிட்டாள். தானே ஆசைப்பட்டு எடுத்த ஆங்கில இலக்கியத்தில் 50-க்கு 19.

டியூஷன் ஆசிரியர் சொன்ன காரணம்: "வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், அதுதான் பிரச்சினை. இனிமேல் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்." கூடவே ஐந்நூறு ஆங்கில மரபுத்தொடர்கள் கொண்ட ஒரு புத்தகத்தைக் கொடுத்து, வாரம் இருபது மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார். அந்த வகுப்புக்கு மாதம் 320 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இலக்கியத்துக்குத் தனியாக 280 வெள்ளியில் இன்னொரு வகுப்பும் சேர வேண்டுமாம். கணவரோ, இலக்கியத்தை விட்டுவிட்டுப் புவியியலுக்கு மாறட்டும் என்கிறார். கடிதத்தின் கடைசியில் இப்படி ஒரு வரி: "நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், உனக்கு என்னம்மா தெரியும் என்கிறாள். அவள் சொல்வது உண்மைதானே?"

மகள் எழுதிய ஆங்கிலக் கட்டுரை இரண்டு பக்கமும், இலக்கிய விடைத்தாள் ஒன்றும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை நான் இரண்டாவதாகத்தான் படித்தேன். முதலில் பார்த்தது மகளின் கட்டுரையை. இருபத்தாறு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சிவப்பு மை தெரிந்தால் கண் அங்கேதான் போகும். அப்படிப் பார்த்ததும் நல்லதாகப் போயிற்று. "தமிழ்தான் கெடுக்கிறது" என்ற வார்த்தை என் காதில் விழுவதற்கு முன்பே பிழைகளை எண்ணி முடித்திருந்தேன்.

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். ஏன் என்பதை உங்கள் மகளின் தாளை வைத்தே சொல்கிறேன்.

மொத்தம் 18 திருத்தங்கள். அவற்றில் 11 ஒரே இனம். 'மை மதர் டெல் மீ', 'ஷி வாக் டு த லிஃப்ட்', 'த நர்ஸ் ஆல்ரெடி கோ'. நேற்று நடந்த கதையைச் சொல்கிறாள், ஆனால் வினைச்சொல்லின் வால் காணாமல் போய்விடுகிறது. 'டோல்ட்' வரவேண்டிய இடத்தில் 'டெல்', 'வாக்ட்' வரவேண்டிய இடத்தில் 'வாக்'.

இது தமிழிலிருந்து வந்ததா? தமிழில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நேற்று அம்மா என்னிடம் சொல். அப்புறம் அவள் லிஃப்டுக்கு நட." சிரிப்பு வருகிறது இல்லையா? தமிழ் வினைச்சொல் காலத்தையும் ஆளையும் தன்னோடு கட்டிக்கொண்டுதான் வரும். சொன்னாள், சொல்கிறாள், சொல்வாள், சொன்னேன், சொன்னார்கள். அதை உதறிவிட்டுத் தமிழ் பேசவே முடியாது. வினைச்சொல்லைக் காலத்துக்கேற்ப மாற்றாமல் அப்படியே வைத்துப் பேசுவது சீன, மலாய் மொழிகளின் இயல்பு. அங்கிருந்துதான் அது சிங்லிஷுக்கு, அதாவது இந்த ஊரின் பேச்சு ஆங்கிலத்துக்கு, வந்தது. 'ஆல்ரெடி' என்று ஒட்டிக்கொள்வதும் அப்படியே. சீனத்தில் 'லெ', மலாயில் 'சுடா' செய்கிற வேலையை அது செய்கிறது. ஆக, உங்கள் மகள் இந்தப் பதினொன்றையும் உங்கள் அடுப்படியில் கற்றுக்கொள்ளவில்லை. பள்ளிக் கேன்டீனிலும் பஸ்ஸிலும் கற்றுக்கொண்டாள்.

சிங்லிஷைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கோப்பிக் கடையில் நானும் அதில்தான் பேசுகிறேன். இல்லாவிட்டால் கோப்பி வர நேரமாகும்! எந்த இடத்தில் எது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும். உங்கள் மகளுக்கு அந்தப் பிரிப்பு இன்னும் கை வரவில்லை, அவ்வளவுதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: தமிழிலிருந்து வந்த பிழைகளும் உண்டு. பதினெட்டில் மூன்று. 'த டேபிள்' மேல் இருந்த மருந்தை 'இன் த டேபிள்' என்று எழுதியிருக்கிறாள். நாம் மேசையில், பையில், வீட்டில் என்று எல்லாவற்றுக்கும் 'இல்' போட்டுவிடுகிறோம். ஆங்கிலம் அதையே இன், ஆன், அட் என்று மூன்றாகப் பிரிக்கும். இன்னொரு இடத்தில் 'த' விட்டுப்போயிருக்கிறது. அப்படி ஒரு சொல் தமிழில் கிடையாது. மூன்றாவதுதான் சுவாரசியமானது. அப்பத்தா வருவதாகச் சொன்னதை 'அப்பத்தா செட் தட் ஐ வில் கம்' என்று எழுதியிருக்கிறாள். "நான் வருவேன் என்று அப்பத்தா சொன்னார்" என்பது தமிழில் முழுக்கச் சரி. 'என்று' போட்டால் பேசியவரின் 'நான்' அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் 'தட்' வந்துவிட்டால் 'ஐ' என்பது 'ஷி' ஆகும், 'வில்' என்பது 'வுட்' ஆகும். அவள் எழுதிய வாக்கியத்துக்கு, வரப்போவது பேத்தி என்று பொருள் வந்துவிடுகிறது. இந்த மூன்றையும் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மூன்று பிழைக்காக ஒரு வீட்டின் பேச்சையே மாற்றச் சொல்வது அதிகம்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு தப்பினால் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு தாயிடம் இதே அறிவுரையைச் சொன்னேன். அவரும் அப்படியே செய்தார். அடுத்த வருடப் பெற்றோர் சந்திப்பில் சொன்னார்: "ஈட், ஸ்லீப், பாத். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் அவ்வளவுதான் டீச்சர். இப்ப நாங்க அது மட்டும்தான் பேசிக்கிறோம்." பையனின் ஆங்கிலமும் ஏறியிருக்கவில்லை. எப்படி ஏறும்? ஒரு நாளில் வீட்டில் அவன் கேட்ட வாக்கியங்களே குறைந்துபோயிருந்தன.

ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் 1979-இல் எழுதியது இன்றைக்கும் மொழி ஆசிரியர்கள் எடுத்துக்காட்டும் கருத்து: ஒரு மொழியில் யோசிக்க, விவரிக்க, காரணம் சொல்லப் பழகிய பிள்ளை அந்தத் திறனை இன்னொரு மொழிக்கும் எடுத்துச் செல்லும். எனவே பிள்ளையோடு நீங்கள் எந்த மொழியில் முழுதாகப் பேச முடியுமோ அதில் பேசுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றவர்கள் 48.3 சதவீதம், தமிழ் என்றவர்கள் 2.5 சதவீதம். இந்த ஊரில் ஆங்கிலத்துக்கு ஆள்பலம் குறைவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி முடித்தபின் போகும் தொடக்கக் கல்லூரியின் (ஜூனியர் காலேஜ்) சேர்க்கையில் முதல் மொழிக்கான இடத்தில் ஆங்கிலத்தையும் வைக்கலாம், உயர்தாய்மொழியையும் வைக்கலாம். உங்கள் மகளின் உயர்தமிழ் மதிப்பெண் அங்கே நேரடியாகக் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் குறைந்தது சி6 வேண்டும் என்பது தனி நிபந்தனை. அதனால் ஆங்கிலத்தை விட்டுவிடவும் முடியாது. ஆனால் ஆங்கிலத்தைத் தூக்கி நிறுத்துகிறேன் என்று, நன்றாக இருக்கும் தமிழைச் சாய்த்துவிட வேண்டாம்.

ஐந்நூறு மரபுத்தொடர்கள்

மீதி நான்கு திருத்தங்கள் இந்தப் புத்தகத்தின் கைவரிசை. கட்டுரையின் முதல் வரியே 'த சன் வாஸ் ஷைனிங் பிரைட்லி இன் தி அஷூர் ஸ்கை' (நீல வானில் சூரியன் பளிச்சென்று காய்ந்தது). இந்த வரியை நான் எத்தனை ஆயிரம் முறை திருத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு இடி இடிக்கிற ஊர் இது. நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் மட்டும் மழையே பெய்வதில்லை.

கட்டுரை எதைப் பற்றியது என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறாளா? போன வருடம் உங்கள் மாமியாருக்குக் காலில் அறுவை சிகிச்சை நடந்ததே, அதைப் பற்றியது. மருத்துவமனைக்குப் போய் அப்பத்தாவைப் பார்க்கிறாள். வரும் வழியில் கீழ்த்தளக் கடையில் பேனா வாங்குகிறாள். அதற்கு அவள் எழுதியது: 'ஐ கில்ட் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்'. புத்தகத்தில் இருந்தபடி அர்த்தம் சரி. ஒரே வேலையில் இரண்டு பலன். நம்மிடமும் அது இருக்கிறது: ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இப்போது ஒன்று கேட்கிறேன். ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் மாமியாரைப் பார்த்துவிட்டு, அப்படியே காய்கறியும் வாங்கி வந்தீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் "ஒரே கல்லில் இரண்டு மாங்காய்" என்பீர்களா? மாட்டீர்கள். சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இன்னும் மோசம்: அங்கே மாங்காய் இல்லை, ஒரே கல்லால் இரண்டு பறவைகளைக் கொல்வது. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொல்வதைப் பற்றிய தொடர்! உங்கள் மகளுக்கு அர்த்தம் தெரிந்திருக்கிறது. எந்த வாயிலிருந்து எந்த நேரத்தில் வரும் என்பது தெரியவில்லை. அதைப் பட்டியல் சொல்லித்தராது. ஆனால் ஆங்கிலம் தெரியாது என்று எழுதியிருக்கும் உங்களுக்கு அது தெரிகிறது, பார்த்தீர்களா?

உயர்நிலைப் படிப்பின் முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வின் ஆங்கிலத்தில் மரபுத்தொடருக்கென்று தனிக் கேள்வி கிடையாது. முதல் தாளில் பிழைதிருத்தம் 10, மின்னஞ்சல், உரை போன்ற சூழல்சார் எழுத்து 30, கட்டுரை 30. இரண்டாம் தாளில் கருத்தறிதல் 50. அப்புறம் கேட்டலும் வாய்மொழியும். உங்கள் மகளின் வகுப்புதான் 2027-இல் ஓ நிலைக்குப் பதிலாக வரும் புதிய எஸ்இசி சான்றிதழை முதலில் வாங்கப்போகிறது; அதில் ஜி3 என்ற பாடநிலை ஓ நிலைக்கு இணையானது. தொலைந்த வால்களைப் பிடித்தால் பிழைதிருத்தத்திலும் கட்டுரையிலும் உடனே மதிப்பெண் கூடும். ஐந்நூறு தொடர் மனப்பாடம் செய்வதால் அது நடக்காது. பள்ளி முதல்வருக்கு எழுதும் மின்னஞ்சலில் மரபுத்தொடரைக் கொட்டுவது துக்க வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டிப் போவது மாதிரி.

அப்படியானால் மரபுத்தொடரே வேண்டாமா? வேண்டும். வாரம் இருபதுக்குப் பதில் இரண்டு மூன்று போதும். அதுவும் அவள் படிக்கிற கதையிலோ செய்தியிலோ தானாக எதிர்ப்பட்டவையாக இருக்கட்டும். யார், யாரிடம், என்ன மனநிலையில் சொன்னார்கள் என்று ஒரு வரி குறித்துக்கொள்ளட்டும். பக்கத்தில் அதற்கு நெருங்கிய தமிழ் வழக்கு ஒன்று. 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்' என்று வந்தால், நிலக்கரிக்குப் பேர்போன ஊருக்கே நிலக்கரி கொண்டுபோவது. நமக்கு அது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. வீண் அலைச்சலைக் குறிக்கும் 'வைல்ட் கூஸ் சேஸ்' என்பது ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் வருகிறது. முதலில் அது ஒருவகைக் குதிரைப் பந்தயத்தின் பெயர். முன்னால் போகிறவன் எங்கே திரும்பினாலும் பின்னால் வருகிறவர்கள் காட்டு வாத்துக் கூட்டம்போல் அப்படியே தொடர வேண்டும். கதையோடு வந்த தொடர் மறக்காது. இந்தத் தமிழ்ப் பக்கத்தை நிரப்ப அவளுக்கு உங்களைவிடவும் அப்பத்தாவைவிடவும் நல்ல அகராதி கிடைக்காது.

இலக்கியத்தை விட்டுவிடலாமா?

உங்கள் கணவரின் கவலை புரிகிறது. அவசரப்படுவதற்கு முன் அந்த 19 எப்படி வந்தது என்று பார்க்கலாம். விடைத்தாளில் இதற்குமுன் பார்த்திராத ஒரு கவிதையைப் பற்றிய கேள்வி இருக்கிறது. கேள்வி 'ஹவ்' என்று தொடங்குகிறது: அந்தத் தனிமையை நாம் உணரும்படி கவிஞர் எப்படிச் செய்கிறார்? உங்கள் மகள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். அத்தனையும் கவிதையில் என்ன நடக்கிறது என்பதுதான். ஆசிரியர் ஓரத்தில் மூன்று இடத்தில் 'ஹவ்?' என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

தமிழ் படித்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். நயம் பாராட்டக் கேட்ட இடத்தில் அவள் பொழிப்புரை எழுதிவிட்டாள். எளிய உதாரணம் வேண்டுமென்றால், இதோ நானே மூன்று வரி எழுதுகிறேன்:

இரவு மணி பதினொன்று.
தட்டில் சோறு போட்டு மூடி வைத்தாள்.
மூடியின் மேல் இன்னொரு மூடி வைத்தாள்.

"ஒரு பெண் இரவில் யாருக்கோ சாப்பாடு எடுத்து வைத்தாள்." இது பொழிப்புரை. ஒரு மதிப்பெண் கிடைத்தால் அதிகம். இப்போது நயம்: மணியை ஏன் சொல்ல வேண்டும்? வரவேண்டியவர் வரவில்லை என்பதை மணி சொல்லிவிடுகிறது, அவள் சொல்லவில்லை. ஒரு மூடி போதாதா? சூடு போகக்கூடாது என்ற அக்கறையா, அல்லது வேறு எதையோ சேர்த்து மூடுகிறாளா? "கோபம்" என்ற சொல் எங்கும் இல்லை. இருந்தாலும் இரண்டாவது மூடி வைக்கும் சத்தம் கேட்கிறது. 'வைத்தாள்', 'வைத்தாள்' என்று ஒரே சொல் இரண்டு வரியிலும் முடிவது இது தினமும் நடக்கிற வேலை என்று காட்டுகிறது. இப்படி ஒவ்வொரு சொல்லையும் பிடித்து "ஏன் இது?" என்று கேட்பதுதான் ஆங்கில இலக்கியத் தாள் எதிர்பார்ப்பது. உயர்தமிழில் நன்றாகச் செய்யும் பெண்ணுக்கு இது புதிதே இல்லை. இரண்டும் ஒரே வேலைதான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அதுதான் குறை.

மாறுவதில் உள்ள நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். அவள் எடுத்திருப்பது முழு இலக்கியப் பாடம் இல்லை. ஒருங்கிணைந்த மனிதவியல் பாடத்தின் ஒரு பாதி. மறுபாதியான சோஷியல் ஸ்டடீஸ் எப்படியும் இருக்கும். ஆக மாற்றினாலும் பாதிதான் மாறும். பாடம் மாற்றப் பெற்றோர் எழுதிக் கேட்கலாம். முடிவு பள்ளியின் கையில். உயர்நிலை 3-இல் மாதங்கள் போகப்போக அது கடினமாகும். புவியியலில் அதுவரை நடத்திய பாடத்தை அவளே படித்துப் பிடிக்க வேண்டும். சேர்க்கைக் கணக்கில் ஒரு மனிதவியல் பாடம் வேண்டும் என்பதற்கு இலக்கியமும் சரி, புவியியலும் சரி. 2028 முதல் தொடக்கக் கல்லூரிக்கு எல்1ஆர்5-க்குப் பதிலாக (முதல் மொழியும் வேறு ஐந்து பாடங்களும் சேர்ந்த கணக்கு) எல்1ஆர்4 வருகிறது, ஒரு பாடம் குறைகிறது. பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலிடெக்னிக்) என்றால் கணக்கே வேறு.

என் கருத்தைக் கேட்டால், அடுத்த இரண்டு மூன்று தேர்வுகள்வரை பொறுங்கள். 'ஹவ்' கேள்வியைப் புரிந்துகொண்ட பிறகும் மதிப்பெண் ஏறாமல், அவளுக்கே சலித்துவிட்டால் மாற்றுங்கள். அப்பா சொன்னதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். விரும்பி எடுத்தவள் அவள்.

டியூஷன்

இதில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 280 வெள்ளியில் இரண்டாவது வகுப்பு இப்போது தேவையில்லை. பள்ளியின் இலக்கிய ஆசிரியரிடம் ஒரு சந்திப்பு கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, காசும் கிடையாது. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் கணவரையோ தெரிந்தவர் யாரையோ கூட்டிச் செல்லுங்கள். "எப்படி இருக்கிறாள்?" என்று பொதுவாகக் கேட்டால் "ஓகே, இன்னும் முயற்சி செய்யணும்" என்ற பதில்தான் வரும். அந்த விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பத்தியை எப்படி மாற்றி எழுதியிருக்கலாம்?" என்று கேளுங்கள்.

இப்போது போகும் வகுப்பை உடனே நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அவள் எழுதியதில் வாரம் எத்தனை பத்தி திருத்துகிறீர்கள்? அதே பிழை திரும்ப வந்தால் என்ன செய்கிறீர்கள்? பதில் மாதிரிக் கட்டுரை, மனப்பாடம் என்றே வந்தால், ஒப்பந்தத்தில் விலகுவதற்கு எத்தனை வாரம் முன்னால் சொல்ல வேண்டும், வைப்புத்தொகை திரும்பக் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டு வெளியே வாருங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் மையங்கள் கல்வி அமைச்சிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருப்பதாலேயே பாடம் தரமாக இருக்கும் என்று அர்த்தமில்லை. அந்தத் தாளைச் சுவரில் மாட்டி வைத்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். செலவு பாரமாக இருந்தால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் 'ஸ்டெப்' துணைப்பாட வகுப்புகளை விசாரியுங்கள்; குறைந்த கட்டணத்தில் நடக்கின்றன.

கற்றல் குறைபாடு ஏதாவது இருக்குமோ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தமிழில் இவ்வளவு சரளமாகப் படித்து எழுதுகிற பெண்ணிடம் இந்த இரண்டு தாள்களில் அதற்கான அறிகுறி எனக்குத் தெரியவில்லை. மனசு கேட்காவிட்டால் பள்ளி ஆலோசகரிடம் சொல்லிவையுங்கள்.

"உனக்கு என்னம்மா தெரியும்?"

பதினைந்து வயதுப் பெண் இதைச் சொல்வாள். ஆங்கிலம் தெரிந்த அம்மாக்களிடமும் சொல்வார்கள். என் மகள் ஆங்கில ஆசிரியையான என்னிடமே சொல்லியிருக்கிறாள். அதனால் அந்த வரியை அப்படியே மனதில் தைத்துக்கொள்ளாதீர்கள்.

மரபுத்தொடர் புத்தகத்தை வைத்துக்கொண்டு, உங்களுக்கே படிக்கச் சிரமமான வார்த்தைகளை டிக்டேஷன் கொடுக்கிறீர்களே, அதை இன்றோடு விடுங்கள். அங்கே உங்களால் அவளுக்கு ஈடு கொடுக்க முடியாது. அவளுக்கும் அது தெரிகிறது. அதற்குப் பதில், இலக்கிய வகுப்பில் படிக்கும் கதையை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சப்பாத்தி உருட்டிக்கொண்டே கேட்கலாம். "அவன் ஏன் அங்கே போனான்? போகாமல் இருந்திருக்கலாமே? அவள் அவனை நம்பினாளா? எதை வைத்துச் சொல்கிறாய்?" ஊரில் சீரியல் பார்த்துக்கொண்டே பெரியவர்கள் கேட்கிற கேள்விகள்தான். இலக்கியத் தாளில் வருவதும் இதுதான். "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று நீங்கள் நாலு முறை கேட்டால், தேர்வில் மேற்கோள் காட்டாமல் விடமாட்டாள்.

வாய்மொழித் தேர்வுக்கும் இது உதவும். ஆங்கிலத்தின் மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் வாய்மொழிக்கு. ஒரு காணொளியைப் பார்த்து, பத்து நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். பிறகு தேர்வாளரோடு உரையாடல். அங்கே பல பிள்ளைகள் ஆங்கிலம் தெரியாமல் திணறுவதில்லை. சொல்வதற்குக் கருத்து இல்லாமல் திணறுகிறார்கள். முதியவர்களைப் பற்றியோ, அண்டை வீட்டார் பற்றியோ, உணவை வீணாக்குவது பற்றியோ வீட்டில் வாய் வலிக்கப் பேசிய பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எந்த மொழியில் பேசியது என்பது அப்போது பெரிய விஷயமில்லை.

ஆங்கிலம் அவள் காதிலும் கண்ணிலும் படுவது கட்டாயம் வேண்டும். அதற்கு நல்ல ஆங்கிலமாக இருக்க வேண்டும். காம்பஸ் ஒன்னில் செங்காங் நூலகம் இருக்கிறது. அல்லது நூலகக் கணக்கை வைத்து லிபி செயலியில் ஒலிப்புத்தகம் கேட்கட்டும். கேட்டுக்கொண்டே படித்தால் அந்தத் தொலைந்த 'ஈடி', 'எஸ்' வால்கள் காதில் விழ ஆரம்பிக்கும். தினம் இருபது நிமிடம் போதும். பிழைகளுக்கு ஒரு சின்ன நோட்டு போடட்டும். அதில் இலக்கண விதி எதுவும் வேண்டாம், அவள் எழுதிய தப்பு வாக்கியமும் சரியான வாக்கியமும் மட்டும். தாளைக் கொடுப்பதற்கு முன் கடைசி ஐந்து நிமிடம் வினைச்சொற்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். "நடந்து முடிந்ததா? வால் எங்கே?" பதினெட்டுச் சிவப்புக் கோட்டில் பதினொன்று அங்கேயே தீர்ந்துவிடும்.

கடைசியாக, அந்தக் கட்டுரையின் இரண்டாம் பக்கம். மேலிருந்து ஆறாவது வரி. ஆசிரியர் அதில் எந்தக் கோடும் போடவில்லை, பாராட்டவும் இல்லை. மருத்துவமனைக்குக் கிளம்பும் அன்று காலையைப் பற்றி உங்கள் மகள் எழுதியிருக்கிறாள்: 'அப்பத்தா ஃபோல்டட் ஹெர் சாரி லைக் எ லெட்டர் ஷி டிட் நாட் வான்ட் டு போஸ்ட்.' தபாலில் சேர்க்க மனமில்லாத கடிதத்தை மடிப்பதுபோல் அப்பத்தா தன் சேலையை மடித்தார். இந்த வாக்கியம் ஐந்நூறில் எதிலும் இல்லை. 'ஃபோல்டட்'-க்கு வால்கூட ஒழுங்காக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்திலேயே அந்த வரியில் பச்சைக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்றைக்குச் சாப்பிடும்போது அதைத் தமிழில் அப்பத்தாவுக்குச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். அன்றைக்கு அவர் மனதில் என்ன ஓடியது என்று பேத்தியே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.